ஊருக்கும் சேரிக்கும் எத்தனை கிலோமீட்டர்?

பூதலூரில் ரயிலேறித் தஞ்சாவூர் பக்கம் போனால் ஜன்னலுக்கு வெளியே பச்சை வயல்தான். குனிந்து நடவு நடும் பெண்கள் அழகான படமாகத் தெரிவார்கள். அவர்களுக்குக் கூலி எவ்வளவு, அவர்களுடைய தெரு ஏன் ஊரைவிட்டு ஒதுங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் ரயிலிலிருந்து தெரியாது.

இதை ‘உளவியல் தூரம்’ என்று விளக்குகிறார்கள் உளவியலாளர்கள் ட்ரோப்பும் லிபர்மனும். எட்ட இருப்பது பொதுவான கருத்தாகத் தெரியும். கிட்ட இருப்பதுதான் முகமும் பெயருமாகத் தெரியும். இடமும் காலமும் மட்டும் இந்தத் தூரத்தை உண்டாக்குவதில்லை, ‘இவர் நம்மவரா?’ என்ற கேள்வியும் உண்டாக்குகிறது. நம் நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சாதி.

கீழ்வெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பூதலூரும் கீழ்வெண்மணியும் அன்று ஒரே தஞ்சை மாவட்டம். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இவர்கள் பெருநிலக்காரர்கள், ஒருவர் காரே வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்றது தீர்ப்பு. மிராசுதாரின் நிலமும் காரும் நீதிமன்றத்தின் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. செத்தவர்கள் ஓர் எண்ணிக்கையாக நின்றார்கள்.

பக்கத்தில் உட்காரவைத்தால் தூரம் போய்விடுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டியவர்கள், அந்த மாணவரின் பள்ளியிலேயே படித்தவர்கள். பள்ளி ஒன்றாக இருந்தும் மனசு ஊருக்கும் சேரிக்கும் நடுவிலேயே நின்றிருக்கிறது.

நம்மையும் கேட்டுக்கொள்வோம் தோழர்களே. ஜார்ஜ் ஃபிளாய்டுக்காக முகப்புப் படத்தைக் கறுப்பாக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! சொந்த ஊரில் தலித் மக்களின் சுடுகாட்டுக்குப் பாதை உண்டா என்று கேட்டால் விழிக்கிறோம். அமெரிக்காவைப் பற்றிப் பேசினால் நமக்கு எந்த நட்டமும் இல்லை. சொந்த ஊரைப் பற்றிப் பேசினால் சித்தப்பாவிடமும் பெரியப்பாவிடமும் மல்லுக்கட்ட வேண்டும்.

அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சொல் போனதும் தெரு இடம் மாறிவிடாது. பொதுச் சுடுகாடு வேண்டும், பொதுப்பாதை வேண்டும், பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்ன நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வர வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள்.

இரக்கத்தை ரயில் ஜன்னலிலிருந்தே காட்டிவிடலாம். சமத்துவத்துக்கு இறங்கி நடந்தாக வேண்டும்.