பையனுக்கு 18 வயது ஆகிறது. இனி யார் பொறுப்பு?

கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே அப்பளம் இட்டுப் பிழைக்கும் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாய் அப்பளம் இடுகிறாள். மகனுக்கு வயது 17. காய்ந்த அப்பளங்களை எண்ணி அடுக்குகிறான். கணக்குத் தப்பாது. ஆனால் "பசிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. திருவிழாவில் வேட்டுப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான்.

"கிரகக் கோளாறு" என்பார் ஒருவர். "தாய் கொஞ்சிப் பேசி வளர்க்கவில்லை" என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு. இதற்குப் பெயர் ஆட்டிசம்.

தாய் மீது பழி

1943-ம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், 11 குழந்தைகளைப் பார்த்து இதைப் பற்றி எழுதினார். பாசமில்லாத தாயே காரணம் என்று பிறகு சில டாக்டர்களே சொன்னார்கள். படித்தவர்களும் கிழவிகளைப் போலத்தான் பேசினார்கள்! அந்தக் கருத்து பொய் என்று தள்ளப்பட்டுவிட்டது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடுதான் ஆட்டிசம். தடுப்பூசியாலும் அது வருவதில்லை. மருந்து கொடுத்துப் போக்கக்கூடிய நோயும் அல்ல. சிறு வயதிலேயே கண்டுபிடித்துப் பழக்கினால் பேச்சும், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறனும் பெருகும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. ஆபத்து தெரியாது. தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆறும் வாய்க்காலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே எழுத்துக்கு முன்பே நீச்சல் கற்றுக் கொடுப்பது நல்லது. பிள்ளை தனியாகப் போனால் தடுத்து நிறுத்தும்படி அக்கம் பக்கத்தாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்துதான்.

ஆய்க்குடியில் ஒரு முயற்சி

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். 1981-ல் சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளின் வீடு தேடிச் சென்று, தாய்க்கே பயிற்சி முறைகளைச் சொல்லித் தரும் ஏற்பாடு இந்தச் சங்கத்தில் உண்டு. கூலி வேலையை விட்டுவிட்டுத் தினம் பஸ் ஏற முடியாதவர்களுக்கு இதுதான் சரியான வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் 21 குறைபாடுகளில் ஒன்றாக இடம் பெற்றது. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு.

18 முடிந்ததும்? சட்டப்படி அவன் மேஜர். பாங்கிக் கணக்கோ, சொத்துப் பாகப்பிரிவினையோ, அவனுக்காகத் தாய் போடும் கையெழுத்து செல்லாது. பல குடும்பங்களுக்கு இது பாங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது.

இதற்கு 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்டக் கலெக்டர் இருக்கும் குழுவிடம் மனு கொடுத்தால், பெற்றோரையோ உறவினரையோ காப்பாளராக நியமிப்பார்கள். எல்லாருக்கும் காப்பாளர் தேவை இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் படித்து வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தன் காரியத்தைத் தானே முடிவு செய்யத் தெரிந்தவனின் உரிமையைப் பறிக்கக் கூடாது. எந்தெந்தக் காரியத்துக்குக் காப்பாளர் தேவை என்பதையும் குழு பார்க்கும்.

அதே அறக்கட்டளையின் "நிரமயா" திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் முடிந்த பிறகு பகலில் பையன் எங்கே போவான் என்ற கேள்விக்குத்தான் எந்தச் சட்டத்திலும் நேரான பதில் இல்லை. ஊருக்கு ஊர் ஒரு தொழிற்கூடம் வேண்டும். அதுவரை, பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாய்தான். அவளுக்கும் வயதாகிறது.

காப்பாளர் ஆகிறவருக்கும் கடமை உண்டு. நியமனமான 6 மாதத்துக்குள் பையனின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். "தம்பி சொத்துதானே" என்று அண்ணன் எடுத்துச் செலவழிக்க முடியாது.