தொப்பியோடு முடியாத கடற்கொள்ளையர் பாடம்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெற்றோர் பலர் கடற்கொள்ளையரைப் பாடப்பொருளாக எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் காகிதத் தொப்பியும், தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய புதையல் வரைபடமும் செய்ததோடு நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. கடலில் வழி கண்டறிவதையும் செய்து பார்க்கலாம். கோணமானியின் மையத்தில் நூல் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பில் ஸ்ட்ரா ஒட்டினால் உயரம் அளக்கும் கருவி தயார். இரவில் அதன் வழியே துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை. நூல் காட்டும் எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம்தான் விடை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொள்ளக் கூடாது. கணக்குக்கும் இதில் இடம் உண்டு. பார்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளையனின் கப்பல் விதிகளில் ஆளுக்கொரு வாக்கு, கொள்ளையில் தலைவனுக்கு இரண்டு பங்கு. சாக்லேட் நாணயங்களை அப்படிப் பிரித்தால் பின்னக் கணக்கு தானாக வரும்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளையனின் புகழ்பெற்ற கப்பலான 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்', 1717-இல் கைப்பற்றப்படும் வரை 'லா கான்கார்ட்' என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல். அதன் அடித்தளத்தில் ஆப்பிரிக்கர்களை அடைத்துக் கொண்டுவந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும், புரியத்தான் வேண்டும். கேள்விகள் வந்தால் தொப்பி வேலையை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள்.