பழைய பொம்மைக்குப் புது முகம்



உதவிப் பெட்டிகளில் வந்த பொம்மைகள் இன்றும் பல வீடுகளில் கிடக்கின்றன. மூக்குத் தேய்ந்த சுப்பர்மேன், கண் அழிந்த மல்யுத்த வீரன். வந்தபோதே பழையவை. "மிஸ், கேற்றுக்கு அடிச்ச பழைய பெயின்ற் கொஞ்சம் மிச்சம் கிடக்கு. இதுக்குப் பூசலாமோ?" என்று ஒரு தாய் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பழைய எனாமல் பெயின்ற் பலவற்றில் ஈயம் இருந்தது. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களில் பெரும்பாலும் கூடுதலாக. இலங்கையில் இதற்கான கட்டாய வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பொம்மையோ வாய்க்குப் போகும் பொருள். பழைய பூச்சைச் சுரண்டவோ உரசவோ வேண்டாம். அந்தத் தூசும் நஞ்சுதான். உரிந்து கொட்டும் பொம்மையை எறிந்துவிடுங்கள்.

இன்னொன்று. றப்பர் போல வளையும் பொம்மைகள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்ரிக்கால் ஆனவை. அதை மென்மையாக்கச் சேர்த்த இரசாயனம் மெல்ல மேலே கசியும். எனாமல் பூசினால் மாதக்கணக்கிலும் காயாமல் பிசுபிசுக்கும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வர்ணமே நல்லது. சவர்க்காரத்தால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, காயவிட்டு, மெல்லிதாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். கண்ணுக்கு ஈர்க்கு நுனி போதும். முழங்கை, முழங்கால் மூட்டுகளில் தடிப்பாகப் பூசினால் உரிந்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் சோனியா சிங் என்ற தாய், வேலை இழந்த காலத்தில், பழைய பிராட்ஸ் பொம்மைகளின் கனத்த ஒப்பனையை அழித்துச் சாதாரணச் சிறுமிகளின் முகம் வரைந்தார். அவருடைய தாயார் உடுப்புப் பின்னிக் கொடுத்தார். 2015இல் அவை உலகெங்கும் பேசப்பட்டன.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது முகத்தை மாற்றியதுதான். நம் பிள்ளைகளிடம் துவக்குடன் நிற்கும் பச்சைச் சீருடைப் பொம்மைகளும் உண்டு. "துவக்கை வெட்டி எறியட்டோ?" என்று தாய்மார் கேட்பார்கள். பிள்ளையைக் கேளுங்கள் என்பேன். ஒரு சிறுமி நீலச் சட்டை பூசி, "இவர் இப்ப பஸ் கொண்டக்டர்" என்றாள். அண்ணன் பச்சையாகவே இருக்கட்டும் என்றான். இரண்டையும் விட்டுவிட்டோம்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் வர்ணமே வேண்டாம். பூச்சு உரியாத பொம்மையாகப் பார்த்து, கழுவி மட்டும் கொடுங்கள்.