கல்லின் வயதும் எழுத்தின் வயதும்



ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபொழுது, மயிலாடும்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் மகனுடன் காத்திருந்தார். "தோத்திரம் சாமி. நம்ம மலைக்கல்லுக்குப் பல கோடி வருஷம் வயசு என்று இவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். புலிமான்கோம்பைக் கல்லுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் என்கிறார்கள். இரண்டும் கல்தானே சாமி? இதில் எது பொய்?" என்று வினவினார். மகன் தலைகவிழ்ந்து நின்றான். கேள்வி அவனுடையது என்பதும், அதைக் கேட்டதற்காக வீட்டில் வசை வாங்கியவன் அவனே என்பதும் பின்னர்த் தெரிந்தன.

இரண்டும் மெய்யே. ஒருவரைப் பார்த்து "உமக்கு வயது என்ன?" என்று கேட்டால் அறுபது என்பார், "திருமணமாகி எத்தனை ஆண்டு?" என்றால் முப்பத்தைந்து என்பார். ஆள் ஒருவரே, விடைகள் இரண்டு. பொருள்களின் வயதும் அவ்வாறே. எந்த நிகழ்ச்சியிலிருந்து எண்ணுகிறோம் என்பதே முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் பாறையைக் காண்போம். நம் மலைப்பாறைகளுள் சிர்க்கான் என்னும் மிகச் சிறிய படிகங்கள் உண்டு. அவை உருவாகும்பொழுது யுரேனியத்தைத் தம்முள் ஏற்கும். ஈயத்தை ஏற்க மாட்டா. அந்த யுரேனியமோ மாறாத ஒரு வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. அதன் முதன்மை வகையில் பாதி ஈயமாக ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். ஆகவே படிகத்திற்குள் எஞ்சிய யுரேனியம் எவ்வளவு, சேர்ந்த ஈயம் எவ்வளவு என்று அளந்தால், நாழிகை வட்டிலைப் பார்ப்பதுபோல், சென்ற காலம் தெரிந்துவிடும். மதுரையைச் சூழ்ந்த இப்பெரும் பாறைப் பரப்பிலிருந்து எடுத்த படிகங்கள் பல ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் என்ற விடையைத் தருகின்றன. தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமாக இணைந்து, பூமியின் ஆழத்தில் பாறைகள் வெந்து உருமாறிய காலம் அது. சில படிகங்களின் உட்பகுதி அதனினும் தொன்மையானது. இவ்வழியைப் பின்பற்றியே 1956-இல் பேட்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர், விண்கற்களின் ஈயத்தை ஆராய்ந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் எனக் கண்டார். ஏழு கோடி கூடலாம், குறையலாம் என்றும் அவரே குறித்தார். தன் பிழையின் அளவைத் தானே சொல்வது மெய்யான அறிவின் அடையாளம்.

இனி எழுத்துக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டில் ஆண்டிபட்டி வட்டம், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் போரில் மாண்ட வீரனுக்காக நட்டது. அக்கல்லில் உளி பட்ட நாளை யுரேனியம் சொல்லாது. அது பாறை உருவான காலத்தை மட்டுமே அறியும். எனவே எழுத்தின் வடிவை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று அறிஞர் மதிப்பிட்டனர்.

ஆயினும் எழுத்து வடிவத்தை மட்டும் நம்பினால் போதுமா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு ஒரு துணை, மலைக்கு வடக்கே, பழனியை அடுத்த பொருந்தலில் கிட்டியது. அங்கே புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் 2009-இல் தொடங்கி அகழ்ந்தபொழுது, ஈமக்குழி ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும், ஜாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும் கிடைத்தன.

உயிருள்ள பயிர் காற்றிலிருந்து கரியை ஏற்கிறது. அதில் கரி-14 என்னும் கதிரியக்க வகை மிகச் சிறிதளவு கலந்திருக்கும். பயிர் மடிந்ததும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டுகளில் அதில் பாதி அழியும். 1949-இல் லிபி என்பவர் வகுத்த முறை இது. 1960-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரக்கரி என்றால் மரம் நெடுங்காலம் வாழ்ந்ததாக இருக்கலாம். நெல்லோ ஒரே பூவில் விளைந்து அறுத்தது. ஆகவே அது நல்ல சாட்சி. பொருந்தல் நெல்லைச் சோதித்தபொழுது கி.மு. 490 என்ற விடை வந்தது. அறிஞர் சிலர், ஒரு சோதனையைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்றனர். அது நேர்மையான தடை. பின்னர், வைகை பாயும் வழியிலேயே கீழடியில் எடுத்த மாதிரி ஒன்று கி.மு. 580 என்று காட்டியதை 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்டது.

இக்கலைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் ஆயர் என்பதைப் பலர் அறியார். டென்மார்க்கு நாட்டு நிக்கோலாஸ் ஸ்டெனோ, அடியிலுள்ள மண்ணடுக்கு மேலுள்ளதைவிட முந்தியது என்ற விதியை 1669-இல் எழுதினார். 1675-இல் குருவாகவும், 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை அளித்தார். பாறையைத் துருவிக் கேட்ட கேள்விகள் அவருடைய விசுவாசத்தைக் குலைக்கவில்லை. உலகைப் படைத்தவர் யார், ஏன் படைத்தார் என்பதை வேதம் போதிக்கிறது. ஆண்டுக் கணக்கை அவர் படைத்த கல்லிலேயே படித்துக்கொள்ளலாம்.

இவற்றைச் சொல்லி முடித்ததும், பையன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றை எடுத்து நீட்டினான். தென்னைக்குக் குழி வெட்டும்பொழுது ஒரு தாழி தென்பட்டதாம். கடப்பாரையால் உடைத்து, உள்ளிருந்த கரியையும் மண்ணையும் வரப்பில் கொட்டிவிட்டார்களாம். "எத்தனை அடி ஆழம்? கரி எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டோம். தந்தை வாய் திறக்கவில்லை. ஓடு கையில் இருந்தது. சாட்சி மழையில் கரைந்துவிட்டது.

ஆதலால் குடும்பத்தாரே, கிணறோ குழியோ வெட்டுங்கால் தாழியோ எழுத்துள்ள கல்லோ தென்பட்டால், மண்வெட்டியை அங்கேயே நிறுத்துங்கள். கழுவாதீர்கள், பெயர்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இத்தகைய கேள்வி கேட்டால் வையாதீர்கள். அன்று அந்தத் தந்தை மகனின் தோளில் கைவைத்து, "வாடா, அந்த வரப்பில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா, பார்த்துவிட்டு வருவோம்" என்று அழைத்துச் சென்றார்.