படம் முடிந்ததும் எழும்பிப் போகாதீர்கள்



போன சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் நாலு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் காத்தான்குடியிலிருந்து கல்லடிக்குப் போனோம். சின்ன மண்டபம். ஒரு ஐம்பது பிளாஸ்டிக் கதிரை, சுவரில் ஒரு வெள்ளைச் சீலை, ஒரு புரொஜெக்டர். டிக்கெட் இல்லை. நமது மாவட்டத்துத் தமிழ்த் தம்பி ஒருவர் சொந்தக் காசிலும் கூட்டாளிமார் காசிலும் எடுத்த நாற்பது நிமிடப் படம். முடிந்ததும் அவரே முன்னுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "கேளுங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1990ஆம் ஆண்டுக் கதை. வாவிக்கரைத் தமிழ்க் கிராமம். வயலுக்குப் போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். படத்தில் மூன்று இடங்களில் தூரத்தில் பாங்கு கேட்கிறது. முதல் தரம், பொழுது படுகிறது. இரண்டாம் தரம், ஊர்காவல் படை வருகிறது. மூன்றாம் தரம், மகன் வரவே இல்லை. இரண்டாம் தரம் கேட்டபோதே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாவதில் எங்களில் ஒருவர் "எழும்புவமா?" என்று கேட்டார். எங்களில் மூத்தவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், கையைப் பிடித்து இருத்தினார்.

கேள்வி நேரத்தில் அவர்தான் எழும்பினார். "தம்பி, படம் மனசைத் தொட்டிச்சு. ஒரு கேள்வி. பாங்கு மூணு தரம் கேக்குது. மூணு தரமும் அதுக்குப் பிறகு கெட்டதுதான் நடக்குது. தெரிஞ்சா வெச்சீங்க?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தத் தம்பி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "சேர், அத நான் கவனிக்கவே இல்ல. நேரத்தக் காட்டத்தான் வெச்சன். இதுக்கு முதல் மூணு இடத்தில காட்டினம், ஒருத்தரும் கேக்கல்ல. முஸ்லிம் ஆக்கள் வந்து பாக்கிறதும் இதுதான் முதல் தரம்" என்றார்.

பின் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா குறுக்கே பேசினார். "அவர் கவனிக்காம வெச்சிருக்கலாம் மனே. எங்களுக்கு அந்த நாளையில அப்பிடித்தான் கேட்டது."

இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷா நேரத்தில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் என்ன நடந்தது என்று நமது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், வாப்பா இஷாவுக்குப் போனால் திரும்பி வரும்வரை உம்மா கேற்றடியில் நிற்பதைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். அதே வருடம், அதே வாவியின் மற்றக் கரையில், அதே பாங்கைக் கேட்டு இன்னொரு தாய் கதவைச் சாத்தியிருக்கிறாள். இது நமக்குத் தெரியாது. நமது உம்மா கேற்றடியில் நின்றது அவருக்கும் தெரியாது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தின் ஒன்பது செக்கன் துண்டு மட்டும் "பாங்கைக் கேவலப்படுத்திய படம்" என்ற தலைப்போடு நமது வட்ஸ்அப் குழுமத்துக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? இரவு பத்து மணிக்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும். பகிர்ந்தவர்களில் நாங்கள் நாலு பேரும் இருந்திருப்போம். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. ஜூட் ரட்ணம் என்ற தமிழர் எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம் 2017இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 83 ஜூலைக் கலவரத்தையும் பேசுகிறது, தமிழ் இயக்கங்கள் தமிழருக்கே செய்ததையும் பேசுகிறது. அடுத்த வருடம் யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழாவில் காட்டப்படவிருந்தபோது எதிர்ப்பு எழுந்தது, படம் நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தோடு சேர்ந்து, அதைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் கேட்டிருக்கக்கூடிய நியாயமான கேள்விகளும் வெளியே போயின.

இன்னொன்று, 2014இல் சென்னையில் நடந்தது. நமது நாட்டு இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'ஒப நத்துவ ஒப எக்க' என்ற படம் அங்கு தியேட்டர்களுக்கு வந்தது. சிங்கள முன்னாள் படைவீரன் ஒருவனுக்கும் தமிழ்ப் பெண் ஒருத்திக்கும் நடந்த திருமணத்தின் கதை. அவன் முன்பு யார் என்று தெரிந்ததும் அவளால் அவனோடு வாழ முடியவில்லை. தமிழ்ப் பெண்ணின் வலியைச் சிங்களவர் ஒருவர் சிங்களவருக்கே சொன்ன படம். சிங்களவர் படம் என்று மிரட்டல் வந்ததால் தியேட்டர்கள் நிறுத்திவிட்டன.

யாழ்ப்பாணச் செய்தி வந்தபோது, "பாத்தீங்களா, அவங்களுக்கு உண்மையைக் கேக்க ஏலாது" என்று நமது ஊர்த் தேநீர்க் கடைகளில் கதைத்தவர்கள் இருக்கிறார்கள். சரி, நமக்கு ஏலுமா? ஊர்காவல் படையில் இருந்த நம்மவர் சிலர் செய்த பிழைகளையும் சேர்த்து நாளைக்கு ஒருவர் படம் எடுத்துவந்தால், அதைப் பார்க்க மண்டபத்துக்குப் போவோமா, நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கப் போவோமா?

நமது கதையைச் சொன்ன படம் ஒன்றும் இருக்கிறது. அதே பிரசன்ன விதானகே 2003இல் எடுத்த 'இர மதியம'. அதில் மூன்று கதைகள், ஒன்று வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதை. 1990 ஒக்டோபரில் சுமார் 75,000 பேர் பிறந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டதை, அரபாத் என்ற சிறுவன் ஒருவனின் கண்ணால் காட்டுகிறார். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாய். ஊரே மூட்டை கட்டும்போது அவன் நாயைக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான்.

அந்தப் படத்தை ஒருமுறை வீட்டில் மடிக்கணினியில் கூடிப் பார்த்தோம். முடிந்ததும் பெரிய வாக்குவாதம். எதைப் பற்றி? முஸ்லிம் வீட்டுப் பிள்ளை நாய் வளர்க்குமா என்பதைப் பற்றி! அரை மணித்தியாலம் நாயைப் பற்றியே கதைத்தோம். வெளியேற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாய் பற்றிய கேள்வி பிழையான கேள்வி அல்ல. நம்மைப் பற்றி எடுப்பவர் நமது வீட்டு வழக்கத்தைத் தெரிந்து எடுக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்தக் கேள்விக்குரியவர் அங்கே இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார், மிச்ச நேரம் அரபாத்தைப் பற்றிக் கதைத்திருக்கலாம்.

இயக்குநர் முன்னால் இருப்பதால் வரும் வித்தியாசம் இதுதான். எடுத்தவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார். பார்த்தவரும் முகத்துக்கு முகம் நின்று, தன் பெயரைச் சொல்லி, மரியாதையோடு கேட்க வேண்டியவராகிறார். முகம் தெரியாத இடத்தில் எழுதும் சொல்லை முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு நா எழும்பாது.

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நடந்ததையும் மறக்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் கொல்லப்பட்ட துயரம் நமது துயரமும்தான். அந்த நாட்களில் எங்கெங்கிருந்தோ கெமராக்கள் நமது ஊருக்கு வந்தன. பிரதான வீதிப் பேரீச்சை மரங்களை எடுத்தார்கள், அபாயா போட்ட பெண்களின் முதுகை எடுத்தார்கள், போனார்கள். எடுத்ததைக் கொண்டுவந்து நமக்குக் காட்டி "கேளுங்க" என்று ஒருவராவது சொன்னாரா? கல்லடியில் அந்தத் தம்பி சொன்ன சொல்லின் பெறுமதி அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மஃரிப் நேரம் வந்ததும் ஏற்பாட்டாளர்கள் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார்கள். தொழுதுவிட்டு வந்தபோது அந்த அம்மா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். "எந்த ஊர் மனே?" "காத்தான்குடி அம்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தம்பி வந்தாறுமூலைக் கம்பசில் அகதியாக இருந்தவர் என்றார். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து கொண்டுபோன 158 பேரில் ஒருவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. காக்கா தன் மாமாவைப் பற்றிச் சொன்னார். 1990 ஜூலையில் கல்முனையிலிருந்து வரும் வழியில் குருக்கள்மடத்தில் இறக்கி எடுக்கப்பட்டவர். அவருடைய ஜனாஸாவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்போது எங்களுக்கு ஞாபகம் வந்தது பிரசன்னவின் இன்னொரு படம், 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'. கண் தெரியாத சிங்களத் தகப்பன் ஒருவர். படையில் இருந்த மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி வருகிறது. அவர் நம்பவில்லை, நட்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவுமில்லை. கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். 2000இல் அரசாங்கம் அந்தப் படத்தை வெளியிட விடவில்லை. இயக்குநர் உயர் நீதிமன்றம் போய் அடுத்த வருடம் வென்றார். உடல் கிடைக்காத வீட்டின் கதை. அது அந்த அம்மாவுக்கும் விளங்கும், காக்காவுக்கும் விளங்கும்.

ஆசிரியர்களாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலு மகேந்திரா நமது வாவிக்கரை அமிர்தகழியில் பிறந்தவர். பாடசாலைச் சுற்றுலா போன இடத்தில், கித்துல்கலையில் டேவிட் லீன் படம் எடுப்பதைக் கண்டதுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்குச் சிலவேளை அவ்வளவு போதும். நமது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கையில் போனோடு நாளைக்கு நூறு வீடியோ பார்க்கிறார்கள். அதை ஒரு மனிதன் எடுக்கிறான், இந்த இடத்தில் வெட்டுகிறான், இந்தச் சத்தத்தை இங்கே வைக்கிறான், அதற்கு அவனிடம் காரணம் கேட்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மார்க்க ரீதியாகச் சிலருக்குத் தயக்கம் இருக்கும். அதை மதிக்கிறோம். உலமாக்களோடு இருந்து கதைத்து, அவர்கள் காட்டும் எல்லைக்குள் செய்யலாம். ஆனால் ஒன்று, படமே பார்க்காத ஊர் அல்ல நமது ஊர். தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறோம். கேள்வி கேட்கக்கூடிய படத்தைத்தான் தவறவிடுகிறோம்.

எங்கள் யோசனை இது. வரும் விடுமுறையில் நமது ஊர் மண்டபம் ஒன்றில், அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடிகிற மாதிரி, ஒரு படம். பெண்களுக்குத் தனி இடம். ஆரையம்பதிக்கும் நாவற்குடாவுக்கும் அழைப்புக் கொடுப்போம். எடுத்தவர் கட்டாயம் வர வேண்டும். வருபவர்களிடம் மூன்று விடயம்தான் கேட்கிறோம்: கடைசிவரை பாருங்கள், போனில் துண்டு எடுக்காதீர்கள், பேச்சு வேண்டாம், கேள்வி கேளுங்கள்.

முதல் படமாகப் பாங்கு மூன்று தரம் கேட்கும் அந்தப் படத்தையே கேட்டிருக்கிறோம். "சத்தத்த மாத்துவனா இல்லையா எண்டு இன்னும் தெரியாது சேர், ஆனா வாறன்" என்றிருக்கிறார் அந்தத் தம்பி. மாற்றச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. அந்த அம்மாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம். நமது உம்மாமார் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதில் உடன்பாடு இல்லாதவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் சொல்லுங்கள். அஸருக்குப் பின் வழமையான இடத்தில்தான் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.