விடுமுறையும் விஞ்ஞானக் கல்வியும்

எமது நாட்டிலே பாடசாலை விடுமுறை என்பது மாணாக்கருக்கு உரியதாக இல்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் கோடை விடுமுறையாயினும், ஓகஸ்ட் மாதத்து விடுமுறையாயினும், அது தனியார் கல்வி நிலையங்களின் அறுவடைக் காலமாகிவிட்டது. பாடசாலை வாயில் பூட்டப்பட்ட மறுநாளே அவ்வறுவடை தொடங்குகின்றது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள பிள்ளைகள், பதினொன்று தொடக்கம் பதினான்கு வயதினர், தகரக் கொட்டகைகளில் நெருங்கியிருந்து அடுத்த தவணைக்குரிய விஞ்ஞானத்தை முற்கூட்டியே எழுதிக்கொள்கின்றனர். ஆம், எழுதிக்கொள்கின்றனர், கற்கின்றனர் என்று கூற எமக்கு நா எழவில்லை.

தமிழ் கற்பிப்போருக்கு விஞ்ஞானத்தில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் இரசாயனமும் அவர் முயற்சியால் தமிழ் நூல்களாயின. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பதற்கு இத்துணை நீண்ட வரலாறுடைய மக்கள் நாம். ஆனால் இன்று எமது பிள்ளைகளின் வாயில் கலைச்சொற்கள் மந்திரங்களாக மாறியுள்ளன. மந்திரத்துக்குப் பொருள் தேவையில்லை; ஓதினாற் போதும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அறுந்துபோகும்போது, தமிழாசிரியன் வாய்மூடி இருப்பது எவ்வாறு?

ஓர் உதாரணம் கூறுவோம். மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டப்படுகின்றது, உருட்டப்படுகின்றது, பின்னர் பரப்பி வைக்கப்பட்டுச் செந்நிறம் பெறுகின்றது. இதனை நொதித்தல் என்றே தொழிற்சாலையில் வழங்குவர். உண்மையில் அங்கே மதுவத்துக்கு வேலையில்லை. இலையின் கலங்கள் நசுங்க, அதனுள்ளேயுள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நிகழ்த்தும் ஒட்சியேற்றமே அது. லயத்திலே பிறந்த சிறுமி நாள்தோறும் அந்த மணத்தைச் சுவாசிக்கின்றாள். அவளுடைய தாய் பறித்த கொழுந்தே அங்கு நிறம் மாறுகின்றது. எனினும் 'ஒட்சியேற்றத்துக்கு உதாரணந் தருக' என்ற வினாவுக்கு, இரும்பு துருப்பிடித்தல் என்று மனனஞ் செய்த விடையையே அவள் எழுதுகின்றாள். தன் வீட்டருகே நிகழ்வதும் விஞ்ஞானமே என்று அவளுக்கு எவரும் கூறவில்லை.

நொதித்தலைக் காண விரும்பும் மாணவன் குடாநாட்டின் பனைகளை நாடட்டும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். தடவாத முட்டியில் இறங்குவது கள். சுண்ணாம்பு அமிலத்தன்மையை மாற்றி மதுவத்தின் தொழிலைத் தடுக்கின்றது. இவ்வுண்மையைத் தொழிலாகவே கைக்கொண்டவர் சீவல் தொழிலாளி. அவர் பிள்ளையைச் சாதியின் பெயரால் பின்வாங்கில் இருத்திய சமூகம் எமது சமூகம். விடுமுறையில் ஒரு நாள், அத்தொழிலாளியிடம் மாணாக்கர் சென்று கேட்டு அறிந்து குறிப்பெழுதுவார்களாயின், விஞ்ஞானத்தோடு வேறொரு பாடமும் அங்கே நடக்கும். அறிவு எவர் கையில் உண்டு என்ற பாடம் அது. அப்பாடத்தைச் சிலர் விரும்பமாட்டார் என்பதை நாம் அறிவோம்.

இனி, ஆய்வுகூடம் இல்லையே எனப் புலம்புவோருக்கு ஒரு வார்த்தை. புத்தாண்டை ஒட்டிய ஏப்பிரல் 15ஆம் திகதியளவில், நண்பகல் 12.10 மணியளவில், யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. முற்றத்திலே செங்குத்தாக நாட்டிய ஒரு மீற்றர்த் தடிக்கு அவ்வேளை நிழல் இல்லை. அதே நாளில் மாத்தறையில் நாட்டிய அத்தகைய தடிக்குத் தெற்கு நோக்கி ஏறத்தாழ ஆறரைச் சென்ரிமீற்றர் நிழல் விழும். அளவுப் படம் கீறிப் பாகைமானியை வைத்தால் கோணம் 3.7 பாகை என்பது புலனாகும். முழுவட்டத்தில் இது 97இல் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடையே வடக்குத் தெற்கான தூரம் ஏறத்தாழ 413 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள்: பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர்! 2200 ஆண்டுகளுக்கு முன்னர் எரத்தோஸ்தனிஸ் எகிப்திலே கைக்கொண்ட முறை இதுவே. இதற்கு இரு தடிகளும் இரு சிறுவரும் போதும். அவர்களுள் ஒருவன் தமிழ் பேசுவான். மற்றவன் சிங்களம் பேசுவான். ஒருவனின்றி மற்றவனால் பூமியை அளக்க முடியாது. இந்நாட்டின் தலைவர்கள் மேடைகளில் முழங்கும் ஐக்கியத்தைவிட இந்த ஆறரைச் சென்ரிமீற்றர் நிழலில் உண்மை அதிகம் உண்டு.

இது விளையாட்டு, பரீட்சைக்கு உதவாது என்பார் உளர். அவர்களைச் சுன்னாகத்துக்கு அழைக்கின்றோம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற செய்தி குடாநாட்டையே உலுக்கியது. நீர் குடிக்கத் தக்கதென்றும் தகாததென்றும் முரண்பட்ட கூற்றுக்கள் எழுந்தன. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. அக்காலத்திலே விஞ்ஞானத்தில் விசேட சித்தி பெற்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தனர். ஆயினும் தம் கிணற்று நீரைப் பற்றி எதைக் கேட்பது, எவரிடம் கேட்பது என்று அறியாது மக்கள் தவித்தனர். குடாநாட்டின் சுண்ணக்கல்லினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். மேலே ஓரடியை வீணாக இறைத்தால், கீழிருந்து 40 அடி உவர் ஏறும். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்று நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து குறித்த சிறுவனை, நாளை எந்த அதிகாரியும் எளிதில் ஏமாற்ற இயலாது. அளக்கத் தெரிந்த மக்களை ஆள்வது கடினம். மனனக் கல்வி ஆள்வோருக்கு உவப்பாயிருப்பதன் இரகசியம் இதுவே.

பெற்றோரே விரும்பி அனுப்புகின்றனர் என்ற வாதமும் உண்டு. உண்மைதான். அயல்வீட்டுப் பிள்ளை முந்திவிடும் என்ற அச்சத்தை விதைத்துவிட்டு, அவ்வச்சத்தின் விளைவை விருப்பம் என்று பெயரிடுவது வியாபாரிகளின் வழமை. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டக்காரன் மகனும் துரைமகனும் ஒரே வாங்கில் இருப்பர் என இந்நாட்டு மக்கள் நம்பினர். இன்று தவணைக் காலத்தில் இலவசமாய் இருப்பது விடுமுறையில் விலைக்கு விற்கப்படுகின்றது. தலைநகரிலோ, வசதி படைத்தோர் பிள்ளைகளுக்குப் பொறிமனிதன் செய்யும் முகாம்கள் நடைபெறுகின்றன. ஏழைக்கு மனனம், செல்வனுக்குப் பரிசோதனை! விடுமுறையிலும் வர்க்கம் ஓய்வு பெறவில்லை.

நாம் கோருவன சில. ஒன்பதாந் தரத்துக்கு உட்பட்டோருக்கு விடுமுறையில் பாடம் விற்பது நிறுத்தப்படல் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடங்களும் நூலகங்களும் விடுமுறையில் வாரத்துக்கு இரு காலைகளேனும் திறந்திருத்தல் வேண்டும். அங்கு கடமையாற்றும் ஆசிரியருக்கு அரசு உரிய ஊதியம் வழங்கல் வேண்டும். தியாகத்தின் பெயரால் உழைப்பைச் சுரண்டுவதை நாம் ஏற்கோம். பிள்ளை விடுமுறையில் எழுதிய அவதானக் குறிப்பேடு தவணைக் கணிப்பீட்டில் சேர்க்கப்படல் வேண்டும்.

இவை கிட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாசகராகிய ஆசிரியர்களே, உயர்வகுப்பு மாணவர்களே, உங்கள் கிராமத்து முன்றிலிலே ஒரு தடியை நாட்டுங்கள். தெருவிலுள்ள சிறுவரை அழையுங்கள். நிழல் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பார்கள். உடனே விடை கூறிவிடாதீர்கள்.