குறிபார்க்க ஒரு றிவோல்வர்

அமெரிக்காவிலே பொழுதுபோக்காக இலக்கு நோக்கிச் சுட்டுப் பழகுவோர் பலர். அவர்களுட் புதியவர் சிலர், 1935இல் தோன்றிய .357 மக்னம் றிவோல்வரையே முதலில் நாடுவர். வேட்டின் ஓசையிலேதான் வீரம் இருக்கிறதென்ற எண்ணம் போலும்! அதன் உதைப்புக்கு அஞ்சிக் கை முன்கூட்டியே துணுக்குறும், குறி தவறும். அப்பழக்கம் படிந்துவிட்டால் நீக்குதல் அரிது.

.22 றிவோல்வரோ மெல்ல உதைப்பது; ரவையும் மலிவு. குழல் ஆறங்குலமாயின், முன்பின் குறிகாட்டிகளுக்கிடையே தூரம் மிகுவதால், சிறு கோணலால் விளையும் பிழை குறையும்.

மக்னமே வேண்டுமென்று பிடிவாதஞ் செய்பவர் அதிலே .38 ஸ்பெஷல் ரவையை இட்டுப் பழகலாம். ஆனால், .38 றிவோல்வரில் மக்னம் ரவையை இடலாகாது. அவ்வாறு நுழையாதிருக்கவே அதன் கோதினை ஏறக்குறைய எட்டிலொரு அங்குலம் நீட்டிச் செய்தார்கள். தப்பித்தவறி நுழைந்துவிட்டாலோ, வெடிப்பின் அழுத்தம் துப்பாக்கியையே பிளந்துவிடக்கூடும்.